மண்டிக் கணக்கும் மறந்துபோன பாஸ்வேர்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாங்காய் மண்டிகள் சீசனுக்கு மட்டும் திறப்பவை. வருடத்தில் மூன்று மாதம் ஓடும் கம்ப்யூட்டர், மற்ற நாளெல்லாம் துணி போர்த்திக் கிடக்கும். அதில் எப்போதோ யாரோ மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிக் கொடுத்த கணக்குப் புரோகிராம். சீசனுக்குத் திறந்தால் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

போன சீசனில் காவேரிப்பட்டணம் பக்கத்து மண்டிக்காரர் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். “கணக்கு எழுதின பையன் ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான் தம்பி, போன் நம்பரையும் மாத்திட்டான்” என்றார். பழைய எம்டிபி ஃபைல், அதாவது ஆக்சஸின் பழைய ஃபைல் வகை. டீ வருவதற்குள் திறந்துவிட்டது. பெங்களூரா எத்தனை டன், செந்தூரா எத்தனை டன், எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு முன்பணம், எல்லாம் திரையில். மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது. “இவ்வளவு சுலபமா திறக்கும்னா, இத்தனை வருஷமா நான் பூட்டி வெச்சது என்ன?”

நியாயமான கேள்வி. ஆக்சஸ் 2003 வரையிலான எம்டிபி ஃபைலில் பாஸ்வேர்டு போடுவது, வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேல் வைப்பது போலத்தான். பாஸ்வேர்டு அந்த ஃபைலின் தலைப்பகுதியிலேயே உட்கார்ந்திருக்கும். எல்லா ஃபைலுக்கும் பொதுவான ஒரு சாவியால் எழுத்துகளை மாற்றி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆக்சஸ் 2000-இலிருந்து ஃபைல் உருவான தேதியையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் அந்தத் தேதியும் அதே ஃபைலுக்குள்தான் இருக்கிறது! அதைவிடப் பெரிய விஷயம், பாஸ்வேர்டு போட்டதால் உள்ளே இருக்கும் கணக்கு, சாவி இல்லாமல் படிக்க முடியாத மறைக்குறியாக மாறிவிடாது. ஃபைலின் உள்ளடக்கத்தை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள் அப்படியே தெரியும்.

ஆகவே முதல் தவறு, எல்லா பாஸ்வேர்டும் ஒரே தரம் என்று நினைப்பது. இது இரண்டு பக்கமும் கடிக்கும். பழைய ஃபைல் பத்திரம் என்று நம்பி ஏமாறுபவர்கள் ஒரு பக்கம். பழைய ஃபைல் சுலபமாகத் திறந்ததைப் பார்த்து, புது ஃபைலும் அப்படித்தான் என்று அலட்சியமாக இருப்பவர்கள் இன்னொரு பக்கம். ஆக்சஸ் 2007-இல் வந்த ஏசிசிடிபி என்ற புது ஃபைல் வகையில் பாஸ்வேர்டு போட்டால் ஃபைல் முழுவதும் மறைக்குறியாகிவிடும். 2010-இலிருந்து அது இன்னும் கெட்டி. அதை மறந்தால் பாஸ்வேர்டைப் படித்து எடுக்க வழி கிடையாது, ஊகித்து ஊகித்துப் பார்ப்பது மட்டும்தான். மண்டிப் பெயரும் வருடமும் சேர்ந்த மாதிரி ஏதாவது என்றால் மாட்டலாம். நீளமாக, தொடர்பே இல்லாத எழுத்துகளாக வைத்திருந்தால் கை விரிக்க வேண்டியதுதான். டேலி கணக்கு மென்பொருளில், டேட்டாவை மறைக்குறியாக்கும் டேலிவால்ட் பாஸ்வேர்டு போட்டு மறப்பதும் இதே கதை.

மறந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், நோட்பேடைத் திறந்து பாஸ்வேர்டை ஒருமுறை அடித்துப் பாருங்கள். கேப்ஸ் லாக் போட்டிருக்கும், அல்லது கீபோர்டு தமிழில் நிற்கும். நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் அது தெரியாது. இந்தக் காரணத்துக்காகவே என்னிடம் வந்து, அரை நிமிடத்தில் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனவர்கள் உண்டு.

அடுத்தது, அசல் ஃபைலிலேயே கை வைப்பது. முதலில் நகல் எடுங்கள், நகலில் மட்டும் முயற்சி செய்யுங்கள். தலைப்பகுதியில் நாலு பைட் தப்பாக மாறினால்கூட, பாஸ்வேர்டு தெரிந்தாலும் ஃபைல் திறக்காமல் போகலாம்.

பழைய பேக்கப்பை யாரும் யோசிப்பதில்லை. பேக்கப் எடுத்த நாளில் என்ன பாஸ்வேர்டு இருந்ததோ, அதுதான் அந்த நகலுக்கும். இன்றைய பாஸ்வேர்டு மறந்தாலும், இரண்டு வருடம் முந்தைய சிடி அன்றைய பாஸ்வேர்டில் திறக்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: பையன் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேர்டை மாற்றினீர்கள், சரி. அவன் பென்டிரைவில் இருக்கும் நகல் மாறாது.

புரோகிராம் ஒரு ஃபைல், டேட்டா இன்னொரு ஃபைல் என்று பிரித்து இணைத்திருந்தால், டேட்டா ஃபைலின் பாஸ்வேர்டு பெரும்பாலும் புரோகிராம் ஃபைலின் இணைப்பு விவரத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். மறந்தவருக்கு அது வரம், திருட வருபவனுக்கும் அதே வரம். டேபிள்களை மறைத்து வைப்பதும் பாதுகாப்பு ஆகாது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ஃபைலைத் திறந்தால் தொடக்க அமைப்புகளைத் தாண்டி உள்ளே போய்விடலாம்; அதை அடைத்து வைத்தாலும் மறுபடி திறந்துவிட வழி இருக்கிறது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். இலவசமாக பாஸ்வேர்டு எடுத்துத் தருகிறோம் என்று ஆன்லைனில் எவனோ சொன்னால், ஊர்க்கணக்கு மொத்தத்தையும் அவனுக்கு ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். தோட்டக்காரர்களின் போன் நம்பர், பேங்க் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். கிராக் செய்த மென்பொருளை இறக்குவது இன்னும் மோசம். பாஸ்வேர்டு கிடைக்கிறதோ இல்லையோ, வைரஸ் வரும்.

அடுத்தவர் ஃபைலைத் திறந்து கொடு என்று வருபவர்களும் உண்டு. நான் தொடுவதில்லை. அனுமதியில்லாமல், நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு இன்னொருவர் தரவைத் திறந்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சரி, மண்டிக்காரர் கேள்விக்கு வருவோம். ஆக்சஸ் என்பது ஒரு ஃபைல். நாலு பேர் நெட்வொர்க்கில் சேர்ந்து வேலை பார்க்க வேண்டுமானால் நாலு பேருக்கும் அந்த ஃபோல்டரில் படிக்க, எழுத, அழிக்க அனுமதி கொடுத்தாக வேண்டும். படிக்க முடிகிறவன் நகலும் எடுக்க முடியும். நகல் வீட்டுக்குப் போய்விட்டால், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து நோண்டலாம். ஃபைலுக்கு என்ன பாஸ்வேர்டு போட்டாலும் இந்த இடம் ஓட்டைதான். ஆள் அதிகம், பணம் அதிகம் என்றால் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் போல இலவச சர்வர் தரவுத்தளத்துக்கு மாறுவது நல்லது. அங்கே ஃபைலை யார் கையிலும் கொடுக்க வேண்டியதில்லை, கேட்கிற விவரம் மட்டும் போகும்.

அவருக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. இருவருக்குத் தனித்தனி விண்டோஸ் லாகின், ஃபோல்டருக்கு அவர்கள் பெயரில் மட்டும் அனுமதி, டிஸ்க் முழுவதையும் மறைக்குறியாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் என்று செய்து கொடுத்தேன். பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்பு எண் உண்டு. அது தொலைந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனவர், ஒரு நொடி யோசித்து, “இன்னொரு காப்பி போடு தம்பி, வீட்டுப் பீரோவுக்கு” என்றார்.