எடை போடும் நாளில் இன்னொன்றையும் பாருங்கள்

மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில் 22 ஆண்டுகளாக அங்கன்வாடி நடத்துகிறேன். உட்காருவதிலும் நடப்பதிலும் பேசுவதிலும் பின்தங்கும் பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே அனுப்புவது என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாதந்தோறும் எடை போடுகிறோம் அல்லவா, அன்றைக்குத் தராசிலிருந்து இறக்கியதும் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிடாதீர்கள். பாயில் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லையா? 9 மாதம் முடிந்தும் பிடிக்காமல் உட்காரவில்லையா? 18 மாதமாகியும் நடக்கவில்லையா? 2 வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லையா? அன்றே பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும். பேச்சு வரவில்லையென்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். "இவன் அப்பனே மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்பார் அப்பத்தா. கேட்டுக்கொள்ளுங்கள், காதுப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். பேசிய பிள்ளை பேச்சை விட்டாலோ நடந்த பிள்ளை நடையை விட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு 2 முறை நம் மையத்துக்கு வரும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். பத்து மாதப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது பாதி வாழ்நாளுக்கும் மேல்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு தாயிடம் "டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பாசி எடுக்கும் கூலியை விட்டுவிட்டுப் போனவள், எங்கே போவதென்று தெரியாமல் காய்ச்சல் வரிசையில் மதியம்வரை நின்று, ஒரு பாட்டில் மருந்தோடு திரும்பினாள். அதன்பிறகு ஏழு மாதம் நான் அழைத்தும் அவள் வரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்போது சீட்டில் "மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம்" என்று முழுதாக எழுதுகிறேன் (ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் இப்படிப் பின்தங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பயிற்சி தரும் இடம் அது), நான் பார்த்ததை இரண்டு வரியில் குறிக்கிறேன், சிகிச்சையாளர் எந்த நாளில் இருப்பார் என்று முதலில் போனில் கேட்கிறேன். பிள்ளை தவழ்வதையோ தவழ முடியாமல் இழுப்பதையோ தாயின் போனிலேயே ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைக்கிறேன். புது இடத்தில் பிள்ளை அழுதே தீர்க்கும், வீடியோ அழாது.

தாயத்து கட்டப் போகிறோம் என்பார்கள். சண்டை வேண்டாம். ஏர்வாடி தர்காவுக்கு ராமநாதபுரம் போய்த்தானே பஸ் மாறுகிறார்கள், ராமநாதபுரத்தில் இறங்கி மையத்தில் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வாரத்தில் அரை மணி நேரம்தான் சிகிச்சையாளர் பிள்ளையைத் தொடுகிறார். மிச்ச நேரம் வீட்டில்தான். அதனால் பயிற்சியை வீட்டுச் சாமான்களுக்குள் கொண்டுவரச் சொல்லி அவரிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் உட்காரத் தள்ளாடும் பிள்ளைக்கு நிழலில் ஈர மணலில் இடுப்பளவு குழி எடுத்து, சுற்றி மணலை அணைத்து உட்கார வைப்போம். அம்மா கையெட்டும் தூரத்தில் இருப்பார். கை நீட்டிப் பிடிக்க வலையின் தக்கை போதும். சிப்பியும் சோழியும் தொண்டையில் சிக்கும், நைலான் நூல் விரலில் சுற்றும், இரண்டும் வேண்டாம். உட்கார வைத்து உருட்டும் வாக்கரையும் வாங்க விடாதீர்கள், அது நடை சொல்லித் தராது. நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு மர நடைவண்டி நல்லது. பேச்சுக்கு மீன் கூடையைவிட நல்ல பாடப்புத்தகம் நான் பார்த்ததில்லை: ஒரு மீனை எடுத்து "சூடை" என்று சொல்லி, பிள்ளை வாய் அசைக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் பெரியவர்களுக்கு வராது.

அப்பாக்களைப் பிடிக்க ஒரு காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்காரர்கள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரே ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு சொன்னால் இரண்டும் நடக்காது. ஜூன் முதல் வாரத்திலேயே அதை அப்பத்தாவுக்கும் பழக்கிவிடுங்கள். 15ஆம் தேதி படகு கிளம்பிவிடும்.