படம் எடுக்கிறவர் வீடியோவுக்கு மாறும்போது முதலில் பழக வேண்டியது காது

கிளிநொச்சியில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ ஒரு செய்திக்குப் படம் அனுப்பினால், இப்போது திரும்பி வருகிற முதல் கேள்வி "வீடியோ இருக்கா?" என்பதுதான். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளும் கமராவுமாக வருடக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விசயம் இல்லை. 2008இல் கெனன் 5டி மார்க் 2 வந்தபோதே படக் கமராவுக்குள் நல்ல வீடியோ ஏறிவிட்டது. 2013 மே மாதம் அமெரிக்காவின் சிக்காகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தன்னுடைய முழுநேரப் படப்பிடிப்பாளர்கள் எல்லோரையும் ஒரே நாளில் வேலையால் நிறுத்தியது, வாசகர்கள் வீடியோ கேட்கிறார்கள் என்றுதான் அதற்குக் காரணம் சொன்னார்கள்.

சரி, விசயத்துக்கு வருவோம். வெளிச்சம், கோணம், எங்கே நிற்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது சத்தம். முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் ஐயாவை இருபது நிமிடம் கதைக்கவிட்டுக் கமராவின் சொந்த மைக்கிலேயே பதிந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் காற்று இரைகிறது, அவருடைய குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது. அடுத்தநாள் திரும்பப் போனேன். "நேற்றே சொல்லிட்டனே தம்பி" என்றார், நான்கு வரியில் முடித்துவிட்டார். முதல்நாள் தொண்டை அடைக்கச் சொன்ன கதை அது.

அதனால் முதல் செலவு லென்ஸுக்கு வேண்டாம், சட்டைக் கொலரில் குத்துகிற ஒரு வயர் மைக்குக்குச் செய்யுங்கள். அதைப் பழைய போனில் செருகி, பதிவைத் தொடங்கி, கதைப்பவரின் சட்டைப் பையில் போட்டுவிடலாம். கமராவையும் ஓடவிட்டு அதன் முன்னால் ஒருதரம் கை தட்டுங்கள், எடிட் செய்யும்போது அந்தத் தட்டை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம். மைக்கின் தலையில் பஞ்சு உறை கட்டாயம். அவர் கதைக்கும்போது நீங்கள் "ஓம், ஓம்" என்று சொல்லக்கூடாது, தலையை மட்டும் ஆட்டுங்கள். எங்கள் ஆட்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம், ஓம் போடாமல் கேட்டால் மரியாதைக் குறைவு மாதிரி இருக்கும், அதனால் தொடங்க முதலே சொல்லிவைத்துவிடுங்கள்.

அடுத்தது பொறுமை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தை எங்களில் எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறோம். மகனின் படத்தை மடியில் வைத்திருக்கிற அம்மா, முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைக்கிறார். ஸ்டில் என்றால் கை கண்ணாடியில் படுகிற அந்த ஒரு கணம் போதும். வீடியோவுக்குக் கை எழும்ப முதலே ரெக்கோர்ட் ஓட வேண்டும், துடைத்து முடித்துக் கை மடியில் இறங்கிய பிறகும் ஓட வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், கமராவை அசைக்காதீர்கள். பிறகு முகம், பிறகு அவர் பார்க்கிற பக்கம், பிறகு வீதிக்கு மறுபக்கம் போய் முழுப் பந்தலும். ஆட்கள் கதைக்காத நேரத்திலும் ஒரு நிமிடம் சத்தத்தை மட்டும் பதிந்துவையுங்கள். பந்தல் துணி அடிபடுவதும் பஸ் ஹோர்ன் அடித்துப் போவதும் துண்டுகளை ஒட்டும்போது உதவும். இடையில் கமராவை நெட்டுக்குத்தாகத் திருப்புகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

செட்டிங்ஸ் சுருக்கமாக: விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மினுங்காது. ஆனால் வன்னியின் மத்தியான வெயிலில் 1/50 வைத்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்வை, 100க்குக் குறைத்தாலும் லென்ஸின் துளையை எஃப் 22 வரை மூட வேண்டிவரும், ஆகவே லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு என்டி பில்டர் வாங்குங்கள். 4கே வீடியோவில் இருந்து ஒரு பிரேமை வெட்டினால் 8 மெகாபிக்சல் படம் கிடைக்கும், பத்திரிகைக்கு அது போதும் என்றாலும் 1/50இல் ஓடுகிற கால் குழம்பித்தான் இருக்கும். நான் முதல் சில நிமிடம் ஸ்டில் மட்டும் எடுப்பேன், பிறகு வீடியோவுக்கு மாறினால் திரும்பி வரமாட்டேன். இரண்டையும் மாறி மாறிச் செய்தால் இரண்டுமே போய்விடும்.

கடைசியாக, குரல். முகத்தைக் காட்டாமல் முதுகுப் பக்கமாக எடுத்தால் ஸ்டில்லில் ஆளைக் காப்பாற்றிவிடலாம். வீடியோவில் இரண்டு வரி கதைத்தாலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும், படம் எடுக்கச் சம்மதித்தவர் குரலுக்கும் சம்மதித்தார் என்று நினைக்கக்கூடாது. இடத்தை விட்டு எழும்ப முதல் ஹெட்போனை அவர் காதில் வைத்துப் போட்டுக்காட்டுங்கள், எதை வைத்திருக்கட்டும், எதை வெட்டட்டும் என்று கேளுங்கள். காற்று இரைந்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும், அவரும் பக்கத்திலேயே இருப்பார்.