பெரிமெனோபாஸ் மைக்ரேனுக்கு ஹார்மோன் சிகிச்சை: டர்பன் அக்கா தங்கச்சிங்களுக்காக

நாப்பது நாப்பத்தஞ்சு வயசுல, பீரியட்ஸ் ஒரேயடியா நிக்கிறதுக்கு (மெனோபாஸ்) முன்னாடி வர்ற பெரிமெனோபாஸ் காலத்துல, பீரியட்ஸ் தாறுமாறாகி, அதுவரைக்கும் எப்பவாவது எட்டிப் பாத்துட்டுப் போன ஒத்தத் தலைவலி (மைக்ரேன்) வாரா வாரம் வந்து படுக்கப் போடுதுன்னா, அதுக்குக் காரணமும் தெரியும் மருந்தும் இருக்கு. ஆனா தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஜனங்க மத்தியில நான் பாக்குறது என்னன்னா, கோயில்லயும் சரி கல்யாண வீட்டு சமையக்கட்டுலயும் சரி, முக்காவாசி அக்காங்க ஹேண்ட்பேக்ல தலைவலிப் பொடி வச்சிருக்காங்க, டாக்டர்ட்ட ஹார்மோன் பத்தி வாயத் தொறந்து கேட்டவங்க ரொம்ப கம்மி. கேட்டா "வயசாச்சு, பொறுத்துக்கணும்"னு அம்மா காலத்துப் பதில்தான் வருது. எனக்கு இது மனசு ஆறல, அதான் எனக்குத் தெரிஞ்சதை வரிசையா எழுதுறேன்.

ஏன் வருதுன்னு மொதல்ல புரிஞ்சிக்கோங்க, மத்ததெல்லாம் தானா புரியும். ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளைங்க ஹார்மோன் மேல ஏறிட்டு சடார்னு எறங்குற அந்த எறக்கம்தான் மைக்ரேனைக் கிளப்பி விடுது. அதனாலதான் பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாடியிலேர்ந்து மூணாவது நாள் வரைக்கும் தலைவலி அதிகமா வரும். மெனோபாஸ் சராசரியா 51 வயசுல வருதுன்னா அதுக்கு முன்னாடி சில வருஷம் இந்த ஹார்மோன் ஒரு நிலையில நிக்காம ஊஞ்சல் மாதிரி ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலை பதில் சொல்லும். பீரியட்ஸ் முழுசா நின்னு ஹார்மோன் அடங்கினப்புறம் நெறைய பேருக்கு மைக்ரேனும் தானா தணிஞ்சிடுது. ஆக சிகிச்சையோட நோக்கம் அந்த ஏத்த எறக்கத்தை சமப்படுத்துறதுதான்.

டாக்டரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. தலைவலி வந்த நாள், பீரியட்ஸ் வந்த நாள், என்ன மாத்திரை எத்தனை போட்டீங்க, ராத்திரி வேர்த்துக் கொட்டி முழிச்சீங்களா, சாப்பாடு தப்பிச்சா, இவ்வளவு போதும். புரட்டாசி மாசம் விரதம் இருக்கிறவங்க அதையும் எழுதுங்க, ஏன்னா ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வெறும் வயித்தோட கோயில்ல நின்னா அதுவே மைக்ரேனுக்குக் கதவைத் தொறந்து விட்டுடும், கறி மீனை விட்டுட்டு நேரா நேரத்துக்கு சைவம் சாப்பிட்டாலும் விரதம் விரதம்தான். மாத்திரைக் கணக்கு ரொம்ப முக்கியம். கோடீன் (அபின் வகை மருந்து) கலந்த வலி மாத்திரை, காஃபின் கலந்த பொடி, மைக்ரேனுக்குன்னே இருக்கிற டிரிப்டான் மாத்திரை, இதுல எதையாவது மாசத்துக்கு 10 நாளோ அதுக்கு மேலயோ, இல்ல சாதா பாரசிட்டமாலை 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கும் மேல போட்டுட்டே இருந்தா மாத்திரையே தலைவலிய உண்டு பண்ண ஆரம்பிச்சிடும். அந்த நெலமையில எந்த ஹார்மோன் குடுத்தாலும் முழுசா வேலை செய்யாது, மொதல்ல அதைக் குறைக்கணும். கோடீன் தெனமும் பழகினவங்க டாக்டர் துணையோட கொஞ்சங்கொஞ்சமா விடுங்க.

45 வயசுக்கு மேல இருந்தா பெரிமெனோபாஸ்னு கண்டுபிடிக்க ரத்த டெஸ்ட் பொதுவா தேவைப்படாது, இன்னைக்கு ஒரு நம்பர் காட்டும் அடுத்த வாரம் வேற காட்டும். உங்க நோட்டுதான் டெஸ்ட். பிரஷர் மட்டும் கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க.

ஆரா இருக்கான்னு டாக்டர் கேப்பாங்க. தலைவலிக்கு முன்னாடி கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு மின்னுற கோடு, பார்வைல ஒரு ஓட்டை, கையிலேர்ந்து மொகத்துக்கு ஏறுற மரமரப்பு, இது கொஞ்சங்கொஞ்சமா பரவி அஞ்சு நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடுச்சுன்னா அது ஆரா. ஆரா உள்ளவங்க ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கவே கூடாது, மூளைல ரத்தம் அடைச்சு ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து கூடும். இதைக் கேட்டுட்டு எல்லா ஹார்மோனும் நமக்கு ஆகாதுன்னு முடிவு கட்டிடாதீங்க. கருத்தடை மாத்திரைல இருக்கிறது வேற வகை, வீரியம் ஜாஸ்தி. மெனோபாஸுக்குக் குடுக்கிறது உடம்புல சுரக்கிற அதே ஈஸ்ட்ரடையால், கொறைஞ்ச அளவுல, தோல் வழியா குடுத்தா ஆரா உள்ளவங்களும் டாக்டர் கண்காணிப்புல எடுக்கலாம். எடுக்க ஆரம்பிச்சப்புறம் புதுசா ஆரா வந்தாலோ கூடினாலோ அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம ஒடனே சொல்லணும்.

தோல் வழியா ஏன்னு கேட்டா, மாத்திரை ஈரல் வழியாப் போகுது, ரத்தம் உறையுற தன்மையைக் கூட்டுது, ரத்தத்துல அளவும் ஏறி எறங்குது. தோல்ல ஒட்டுற பேட்ச், பூசுற ஜெல் ரெண்டும் நேரா ரத்தத்துல சீரா சேருது, வழக்கமான அளவுல ரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுறதா தெரியல. பொதுவா 25 மைக்ரோகிராம் பேட்ச்ல ஆரம்பிச்சு, தேவைப்பட்டா 50க்கு மெதுவா ஏத்துவாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்துறது நெறைய பேருக்கு ஒத்து வருது. ஏழு நாள் பேட்ச்ல கடைசி ரெண்டு நாள் தலைவலி வருதுன்னு நோட்டுல தெரிஞ்சா டாக்டர்ட்ட காட்டுங்க.

இப்ப நம்ம ஊர் கஷ்டத்துக்கு வர்றேன். ஜனவரி பிப்ரவரி டர்பன் புழுக்கத்துல பேட்ச் ஓரம் சுருண்டு, துணி நூல் ஒட்டி கருப்பா கோடு விழுந்து, குளிச்சிட்டு வந்தா துண்டோட வந்துடும். குளிச்சு முடிச்சு பத்து நிமிஷம் ஃபேன்ல நல்லாக் காய வச்சு, இடுப்புக்குக் கீழ, பின்பக்க மேட்டுல இல்ல அடிவயித்துல ஒட்டி, உள்ளங்கைய வச்சு பத்து விநாடி அழுத்திப் புடிங்க, பாவாடை நாடா உரசுற எடம் வேண்டாம், மார்புல ஒட்டவே கூடாது. ஒவ்வொரு தடவையும் எடத்தை மாத்துங்க. சனிக்கெழமை எண்ணெ தேச்சுக் குளிக்கிறவங்களும் மாய்ஸ்சரைசர் பூசுறவங்களும் அந்த எடத்தை மட்டும் விட்டுடுங்க, எண்ணெப் பசை இருந்தா எந்த பேட்ச்சும் நிக்காது. விழுந்துட்டா புதுசு ஒட்டிட்டு, மாத்துற கிழமை மட்டும் பழையபடியே வச்சுக்கோங்க. இதெல்லாம் பண்ணியும் நிக்கலன்னா ஜெல்லுக்கு மாறுங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல. ஜெல்லை தெனமும் ஒரே நேரத்துல பூசி, காய விட்டு, கையக் கழுவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு பேரப்பிள்ளைங்கள அந்த எடத்துல ஒட்ட விடாதீங்க.

கர்ப்பப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனைத் தனியா எடுக்கக் கூடாது, உள் சவ்வு தடிச்சு கேன்சர் வரைக்கும் போகலாம், கூட அந்த சவ்வைத் தடிக்க விடாத புரோஜெஸ்டோஜன்ங்கிற ஹார்மோனும் வேணும். மாசத்துல 12 நாள் எடுத்து நிறுத்துற முறைல அந்த நிறுத்தம் சிலருக்கு தலைவலியக் கெளப்பும், அதனால மைக்ரேன் உள்ளவங்களுக்கு இடைவெளி இல்லாம போறதுதான் நல்லது. பீரியட்ஸ் இன்னும் வந்துட்டிருக்கிறவங்களுக்கு தொடர்ச்சியா மாத்திரை குடுத்தா இடையில இடையில ரத்தம் படும், அதுக்கு கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற மிரேனா மாதிரி 52 மில்லிகிராம் ஹார்மோன் காயில் வசதி, அதிக ரத்தப்போக்கும் குறையும், கருத்தடையும் ஆச்சு. இன்னொரு வகை புரோஜெஸ்டோஜன் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் மாத்திரை, படுக்கப் போகும்போது போடணும், தூக்கம் வரும், அது நல்லதுக்குத்தான். பேட்ச் போட்டாச்சு இனி கர்ப்பம் ஆகாதுன்னு நெனைக்காதீங்க, காயில் தவிர இந்த பேட்ச், ஜெல், மாத்திரை எதுவும் கருத்தடை ஆகாது.

மொதல் சில வாரம் தலைவலி கூடினாலும் கூடலாம், மார்பு கனக்கலாம். மூணு மாசம் டைம் குடுங்க, தாங்க முடியலன்னா டோஸ் குறைக்கச் சொல்லிக் கேளுங்க.

ஹார்மோன்னாலே மார்புப் புத்துநோய்னு பயப்படுறோமே, அந்தப் பயம் 2002ல அமெரிக்காவுல நிறுத்தின ஒரு பெரிய ஆய்விலேர்ந்து வந்தது. அதுல கலந்துக்கிட்டவங்களோட சராசரி வயசு 63, குடுத்தது குதிரை மூத்திரத்துலேர்ந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கை புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரை, அதுலயே கூடினது வருஷத்துக்கு 10,000 பேர்ல 8 பேர். ரிஸ்க்கே இல்லன்னு நான் சொல்லல, கணக்கு தெரிஞ்சு முடிவெடுங்கன்னுதான் சொல்றேன். மார்புப் புத்துநோய் வந்தவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவங்க, ஈரல் கோளாறு, சமீபத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ரத்தக்கட்டி வந்தவங்களுக்கு பொதுவா இது ஆகாது. அவங்களுக்கு வென்லாஃபாக்சின்னு ஒரு மாத்திரை மைக்ரேனையும் வேர்வைக் காந்தலையும் சேர்த்தே குறைக்கும், பிரஷர் ஏறுதான்னு மட்டும் பாத்துக்கணும். மைக்ரேனைத் தடுக்க கேண்டிசார்டன், ப்ரொப்ரனலாலும் இருக்கு. வலி வந்தவுடனே போடுற டிரிப்டான் ஹார்மோனோட சேர்த்துப் போடலாம், ஆனா இதய நோய், கட்டுக்கடங்காத பிரஷர் உள்ளவங்களுக்குக் கூடாது, நம்ம ஆளுங்க வீட்டுக்கு வீடு சுகர், ஹார்ட் பிரச்சினை இருக்கிறதால இதை மறைக்காம சொல்லுங்க.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) உள்ளவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, சட்டப்படி குடுத்தே ஆகணும்ங்கிற பிஎம்பி பட்டியல்ல மெனோபாஸ் சிகிச்சை இருக்கு, ஹார்மோனும் அதுல சேர்த்தி. எந்த மருந்து அவங்க லிஸ்ட்ல இருக்குன்னு கேட்டு வாங்குங்க, மொதல் தடவை முடியாதுன்னா எழுத்துல காரணம் கேளுங்க.

நொடியில இடி விழுந்த மாதிரி வர்ற வலி, வாய் கோணுறது, பேச்சு குழறுறது, ஒரு பக்கம் செயலிழக்கிறது, காய்ச்சலோட கழுத்து விறைக்கிறது, இதெல்லாம் ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போற விஷயம், செல்போன்ல 112, ஆம்புலன்ஸுக்கு 10177. அம்பது வயசுக்கு மேல புதுசா தலைவலி வந்து, தலை சீவினா வலிக்குது, மெல்லும்போது தாடை வலிக்குதுன்னா அதையும் அன்னைக்கே காட்டணும், கண் பார்வை போயிடலாம்.

மூணு மாசத்துக்கப்புறம் ஒரு தடவை, அப்புறம் வருஷம் ஒரு தடவை பிரஷரும் நோட்டும் காட்டி டோஸ் சரியான்னு பாருங்க. நிறுத்தணும்னு தோணினா ஒரேயடியா பிச்சுப் போடாம டாக்டர்ட்ட கேட்டு 50லேர்ந்து 25க்கு, அதுலேர்ந்து இன்னும் கீழன்னு சில மாசம் எடுத்து எறக்குங்க, சடார்னு நிறுத்தினா அதே எறக்கம் அதே தலைவலியக் கூட்டிட்டு வந்துடும்.