பழைய பிசியின் கேம் போர்ட்டில் ஜாய்ஸ்டிக்கை ஒழுங்காக ஓட வைப்பது எப்படி

1981-இல் ஐபிஎம் பிசிக்குத் தனியாக விற்கப்பட்ட கேம் கார்டு முதல் 2000-களின் தொடக்கத்தில் வந்த சவுண்ட் கார்டுகள் வரை, ஜாய்ஸ்டிக்கைச் செருகும் 15 பின் கேம் போர்ட் வேலை செய்யும் முறை அடிப்படையில் ஒன்றுதான். கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சிறு பாகம்) சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். இதைப் புரிந்துகொண்டால், வருகிற கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு அச்சிலும் கைப்பிடியை நகர்த்தும்போது மின்தடை 0 முதல் 100 கிலோஓம் வரை மாறும் பொட்டன்சியோமீட்டர் ஒன்று இருக்கும். புரோகிராம் 201 ஹெக்ஸ் (16 அடிமான எண்) என்ற முகவரியில் ஏதாவது ஒரு எண்ணை எழுதியவுடன், அந்த அச்சுக்கான பிட் 1 ஆகும். கார்டில் உள்ள 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போதிய அளவு சார்ஜ் ஆனதும் பிட் 0-க்குத் திரும்பும். ஐபிஎம் தந்த கணக்குப்படி இந்த நேரம் 24.2 மைக்ரோவினாடியுடன், ஓர் ஓமுக்கு 0.011 மைக்ரோவினாடி வீதம் கூட்டினால் கிடைப்பது. நடுவில் நிற்கும்போது 50 கிலோஓம் என்றால் சுமார் 574 மைக்ரோவினாடி, கடைசிவரை சாய்த்தால் சுமார் 1,124. இதை அளக்கத் தனிக் கடிகாரம் கிடையாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் பல பழைய கேம்கள் ஒரு லூப்பைச் சுற்றவிட்டு, எத்தனை சுற்று ஆனது என்று எண்ணித்தான் பார்க்கின்றன.

செருகுவதற்கு முன்

முதலில் சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். கேம் போர்ட்டில் மேலே 8, கீழே 7 என இரண்டே வரிசைத் துளைகள். மானிட்டருக்கான விஜிஏ சாக்கெட்டிலும் 15 துளைகள்தான், ஆனால் அவை மூன்று வரிசையில் இருக்கும். அதில் இந்தப் பிளக் நுழையாது. ஆபத்து வேறொன்றில் இருக்கிறது. பழைய நெட்வொர்க் கார்டுகளில் ஏயுஐ என்ற சாக்கெட் உண்டு. அதுவும் இதே அளவு, இதே இரண்டு வரிசை, ஜாய்ஸ்டிக் பிளக் அதில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் 13-ஆம் பின்னில் 12 வோல்ட் வருகிறது. பக்கவாட்டில் நகரும் உலோகப் பூட்டு இருந்தால் அது ஏயுஐ, தொடாதீர்கள்.

பிசியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். இந்தப் போர்ட்டின் 5 வோல்ட் நேராக பவர் சப்ளையிலிருந்து வருவது. செருகும்போது ஷார்ட் ஆனால் கார்டோ, மதர்போர்டில் உள்ள ஃபியூஸோ போய்விடும்.

போர்ட் ஒன்று மட்டும்

486, பென்டியம் காலத்துப் பிசிகளில் அதிகம் தொல்லை கொடுப்பது இதுதான்: ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் ஐடிஇ கார்டில் ஒரு கேம் போர்ட், சவுண்ட் கார்டில் இன்னொன்று, இரண்டும் 201 முகவரியிலேயே பதில் சொல்லும். அப்போது ஜாய்ஸ்டிக் செத்தது போலக் கிடக்கும், அல்லது திரையில் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒன்றை அணைத்தே ஆக வேண்டும். ஜம்பர் (இரு பின்களை இணைக்கும் சின்ன மூடி) வைத்த சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டில் ஜேஒய்இஎன் என்று எழுதிய ஜம்பரைக் கழற்றினால் அதன் போர்ட் அணைந்துவிடும். பிளக் அண்ட் பிளே கார்டு என்றால் டிவைஸ் மேனேஜரில் அணைக்கலாம். மதர்போர்டிலேயே போர்ட் இருந்தால், பயாஸில் (பிசி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் பக்கத்தில் கேம் போர்ட் முகவரியை 201 என்றோ டிசேபிள்டு என்றோ வையுங்கள். இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்றால், சவுண்ட் கார்டில் உள்ளதையே வைத்துக்கொள்ளுங்கள். மலிவான ஐடிஇ கார்டு போர்ட்டுகளைவிட அது பெரும்பாலும் சீராக இருக்கும்.

கேமைத் திறக்காமலே சோதிப்பது

விண்டோஸுக்குள் இருக்கும் டாஸ் விண்டோ வேண்டாம். நேரடி டாஸில் பூட் செய்து, அதோடு வரும் டீபக் புரோகிராமைத் திறங்கள். கோடு ஒன்று தெரியும் இடத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்து, இடைவெளி, 201, இடைவெளி, 0 என்று அடித்து என்டர் தட்டுங்கள். இது டைமரைக் கிளப்பிவிடும். அடுத்து ஐ என்ற ஆங்கில எழுத்து, இடைவெளி, 201 என்று அடித்தால் இரண்டு இலக்க ஹெக்ஸ் எண் ஒன்று வரும். ஒரு ஜாய்ஸ்டிக் மட்டும் இருந்தால் பெரும்பாலும் எஃப்சி. முதல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மறுபடி படித்தால் ஈசி, இரண்டாவது பட்டனுக்கு டிசி. அழுத்தினால் பிட் 1-லிருந்து 0 ஆகிறது என்பதால் இப்படி. எந்தப் பட்டனை அழுத்தினாலும் எஃப்எஃப் மட்டுமே வந்தால், போர்ட்டே இயங்கவில்லை அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. பட்டன்கள் சரியாக இருந்து கடைசி எழுத்து மட்டும் எஃப் ஆக நின்றால், இரண்டு அச்சுகளுக்கும் மின்சாரம் போகவில்லை.

அடுத்து மல்டிமீட்டர். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி, பிளக்கின் 1-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் இடையே இடவல அச்சையும், 1-க்கும் 6-க்கும் இடையே மேல்கீழ் அச்சையும் அளந்து பாருங்கள். சில ஜாய்ஸ்டிக்குகள் 5 வோல்ட்டை 8 அல்லது 9-ஆம் பின்னிலிருந்து எடுத்திருக்கும். கைப்பிடியை மெதுவாக நகர்த்தும்போது ஓம் அளவு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் சட்டென்று தாவினால் கார்பன் பாதையில் அழுக்கு. காண்டாக்ட் கிளீனரைச் சிறிது உள்ளே தெளித்து, 20, 30 முறை சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்ந்தே போயிருந்தால் 100 கிலோஓம் லீனியர் வகையை வாங்குங்கள். ஒலி அளவுக்கான லாகரிதமிக் வகையை மாட்டினால், மையம் எத்தனை முறை திருத்தினாலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். முதல் பட்டன் 2-க்கும் 4-க்கும் இடையே, இரண்டாவது 7-க்கும் 4-க்கும் இடையே அழுத்தும்போது இணைய வேண்டும்.

காலிபரேஷன்

கைப்பிடியின் நடு நிலையையும் எல்லைகளையும் கணினிக்குச் சொல்லித்தருவதுதான் காலிபரேஷன். கைப்பிடியின் அடியில் மையத்தைத் திருத்தும் சின்னச் சக்கரங்கள் இருந்தால், முதலில் அவற்றை நடுவில் நிறுத்துங்கள். விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் பேனல் போய், கேம் கன்ட்ரோலர்ஸில் ஆட் அழுத்தி, 2 அச்சு 2 பட்டன் வகையைத் தேர்ந்தெடுங்கள். நிலை ஓகே என்று வந்தால் ப்ராப்பர்ட்டீஸில் காலிபரேட் செய்யலாம். மூலைகளைச் சுற்றும்போது கைப்பிடியை முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். விளையாடும்போது எவ்வளவு சாய்ப்பீர்களோ அவ்வளவு போதும். நாட் கனெக்டட் என்று காட்டினால் ரடர் அல்லது பெடல் என்ற கூடுதல் அச்சு இருப்பதாக டிக் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாத அச்சின் டைமர் முடியவே முடியாது, அதனால் விண்டோஸ் மொத்த ஜாய்ஸ்டிக்கும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

டாஸ் கேம்களில் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காலிபரேட் செய்ய வேண்டும். டர்போ பட்டனைத் தட்டினாலோ சிபியு வேகத்தை மாற்றினாலோ மறுபடியும் முதலிலிருந்து. லூப் எண்ணிக்கை மாறிவிடுவதுதான் காரணம். 8088 என்ற பழைய, மெதுவான சிபியுவுக்கு எழுதிய கேமை பென்டியமில் ஓட்டினால் அந்த எண்ணிக்கை கேம் எதிர்பார்த்த எல்லையைத் தாண்டி, ஜாய்ஸ்டிக் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். சிபியுவின் கேஷ் நினைவகத்தை அணைத்து வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்

ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் வேண்டும். இரண்டாவது ஆளின் அச்சுகள் 11, 13-ஆம் பின்களிலும், பட்டன்கள் 10, 14-இலும் வருகின்றன. கேபிள் வாங்கினால் 12-ஆம் பின் கிரவுண்டோடு இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஐபிஎம் கார்டில் அது கிரவுண்ட்தான். சவுண்ட் கார்டில் மிடி (இசைக்கருவிகளை இணைக்கும் முறை) வெளியீடு அதன் வழியாகவே போகிறது; 15-ஆம் பின்னில் மிடி உள்ளீடு. இணைந்திருந்தால் அந்தக் கம்பியை வெட்டிவிடுவது நல்லது.

கைப்பிடி உச்சியில் கட்டைவிரலால் தள்ளும் தொப்பி ஸ்விட்ச் வைத்த ஃபிளைட் ஜாய்ஸ்டிக்குகளுக்கு ஒய் கேபிள் ஒத்துவராது. சிஎச் நிறுவனத்தின் தயாரிப்புகள் தொப்பியின் திசையைப் பல பட்டன்களை ஒன்றாக அழுத்தியது போலக் காட்டும். த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்துடையவை நான்காவது அச்சில் வெவ்வேறு மின்தடைகளாக அனுப்பும். இரண்டாம் ஆளுக்கான கம்பிகள் ஏற்கெனவே செலவாகிவிட்டன. கேமின் அமைப்புப் பக்கத்திலும் சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தொப்பியைத் தள்ளும்போது துப்பாக்கி சுடும்.

விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும் இந்தப் போர்ட்டுக்கு ஆதரவு உண்டு. விஸ்டாவில் அதை எடுத்துவிட்டார்கள். புதிய கணினியில் இதே ஜாய்ஸ்டிக்கை ஓட்ட, உள்ளே சிப் வைத்த யுஎஸ்பி மாற்றி தேவை. வெறும் கம்பி மட்டும் உள்ள பிளக் மாற்றி எதற்கும் உதவாது.