ஸ்பானியச் சொல்லில் வேர் வேறு, அசை வேறு

கல்லணையைப் பொருள் பார்த்துப் பிரித்தால் கல்+அணை. வாய்விட்டுப் பிரித்தால் கல்-ல-ணை. ஸ்பானியமும் இப்படித்தான். வடிகாலுக்கு அங்கே ‘தெசாகுவே’ என்று பெயர். முன்னொட்டு ‘தெஸ்’, வேர் தண்ணீரைக் குறிக்கும் ‘அகுவா’. அசையோ தெ-சா-குவே: இரண்டு உயிருக்கு நடுவே தனித்து நிற்கும் மெய் அடுத்த உயிரோடு போய்விடும். வரி முடிவில் சொல்லை மடக்கும்போது மட்டும் முன்னொட்டோடு ‘தெஸ்-’ என்றும் வெட்டலாம்.

நம் ஆட்கள் சறுக்குவது ‘அகுவா’வில்தான். அ-கு-வா என்று மூன்றாக்கிவிடுவார்கள். உகரம் பின்வரும் அகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அ-குவா, இரண்டே அசை. திடீர்ப் பெருமழையான ‘அகுவாசேரோ’வும் அதே கணக்கில் அ-குவா-சே-ரோ, நான்கு.

நடுவில் இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொன்று: குல்-தி-வோ, அதாவது சாகுபடி. ப்ர, த்ர, க்ல மாதிரி ஜோடிகளைப் பிரிக்காதீர்கள். புத்தகம் லி-ப்ரோ, தமிழ் நாக்குக்கு வசதியான லிப்-ரோ தவறு.