ஓடாத ஹாட் ஹேட்ச்சை ஓட வைப்பது: நகரத்துக்கான பராமரிப்புக் கையேடு

நம் பேச்சில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். இங்கே சொல்லப்போவது ஓடோமீட்டர் கணக்கை, அதாவது வண்டி மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை. (ஹாட் ஹேட்ச், அதாவது வலுவான இன்ஜின் வைத்த சின்ன ஹேட்ச்பேக் கார், முதல் கணக்கிலும் கம்மிதான், அது வேறு கதை.) எட்டு வருடத்தில் 20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் கேட்க ஆசையாக இருக்கும். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்று, அந்த வண்டி பெரும்பாலும் நின்றிருக்கிறது. இல்லையென்றால் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டியிருக்கிறார்கள். இரண்டுமே தேய்மானம்தான், மீட்டரில் மட்டும் தெரியாது. அதனால் இந்த வண்டிக்கு சர்வீஸ் அட்டவணையைக் கிலோமீட்டரை வைத்துப் போடக் கூடாது, காலண்டரை வைத்துத்தான் போட வேண்டும்.

வாங்கும்போது

சர்வீஸ் பில்களில் கிலோமீட்டரை விடுங்கள், தேதியைப் பாருங்கள். 10,000, 20,000 என்று ஒழுங்காக இருக்கும், ஆனால் நடுவில் மூன்று வருட இடைவெளி இருக்கும். அந்த மூன்று வருடமும் ஒரே ஆயில்தான் உள்ளே கிடந்திருக்கிறது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. டயரின் பூக்கட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் பக்கவாட்டு வெடிப்பைத் தேடுங்கள். மாற்றும் செலவையும் பேரத்தில் சேருங்கள். மீட்டர் 20,000 காட்டி, பெடல் ரப்பர் வழவழப்பாகவும் ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்கத் தடிப்பு நைந்தும் இருந்தால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். பல வண்டிகளில் இன்ஜின், கியர்பாக்ஸ் கன்ட்ரோலர்களும் தூரத்தைத் தனியாகப் பதிந்து வைத்திருக்கும். எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

முக்கியமாக, வண்டியைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். டைமிங் செயின் சலசலப்பு, குளிர் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) நடுக்கம், முதல் புகையின் நிறம், இவை எல்லாம் முதல் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சூடான இன்ஜின் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஆயில்: பாதிப் பராமரிப்பு இங்கேயே

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் பக்கம் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகி வெளியேறிவிடும், சூடேறாவிட்டால் அங்கேயே தங்கும். குளிர் இன்ஜினுக்குள் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோலும் இதேபோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே வந்து ஆயிலை நீர்க்க வைக்கும். "ஆயில் சொட்டுக்கூடக் குறையவில்லை" என்று மகிழும் முன் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் ஆயிலோடு பெட்ரோல் கலந்திருக்கிறது.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சள் நுரை ஒட்டியிருக்கலாம். உடனே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) போச்சு என்று பதற வேண்டாம். கூலன்ட் அளவு குறையாமல், டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் அது குட்டிக் குட்டி ஓட்டத்தின் ஈரம். துடைத்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினால் போய்விடும். கூலன்டும் குறைகிறது, டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்தாற்போல் இருக்கிறது என்றால்தான் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

டேஷ்போர்டு முள் 90-ல் வந்து நின்றதும் இன்ஜின் தயார் என்று நினைப்பது பரவலான தவறு. அது கூலன்ட் சூடு. ஆயில் அதே சூட்டுக்கு வர இன்னும் அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆயில் சூட்டைக் காட்டும் வசதி வண்டியில் இருந்தால் 80 டிகிரி தாண்டும் வரை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குள், அரை ஆக்சிலரேட்டருக்குள் ஓட்டுங்கள். வசதி இல்லையென்றால் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படி. நிறுத்தி வைத்து ஐடிலில் சூடேற்றுவதால் பெட்ரோல் கலப்பதுதான் கூடும். அரை நிமிடம் போதும், கிளம்பிவிடுங்கள்.

வாரம் ஒரு முறை 30 முதல் 40 நிமிடம் தடையில்லாத சாலையில் ஓட்டுங்கள். ஆயில் சூடேறிய பிறகு 2,500 முதல் 3,500 சுற்றில் சீராக இருபது நிமிடம். ஆயிலில் தங்கிய ஈரமும் பெட்ரோலும் வெளியேறும், சைலன்சர் காயும், பேட்டரி ஏறும். பெட்ரோல் பார்ட்டிகிள் ஃபில்டர் உள்ள வண்டியில் புகைக்கரி எரிவதும் இந்த ஓட்டத்தில்தான். தினமும் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றுவது இதற்கு மாற்று ஆகாது, பாதிப்புத்தான் கூடும்.

கையேட்டில் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று இருந்தாலும், அதே கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய தூர நகர ஓட்டம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். எங்கள் கணக்கு: ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. ஆயிலின் அடர்த்திக் கிரேடு 5டபிள்யூ-30-ஆ 5டபிள்யூ-40-ஆ என்று சண்டை போடுவதைவிட, கையேட்டில் உள்ள தயாரிப்பாளர் அங்கீகார எண் டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போ நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரக்குறியீடும் இருந்தால் நல்லது. குறைந்த சுற்றில் அதிகப் பளு விழும்போது ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதைக் கட்டுப்படுத்துவதற்கான சோதனை அந்தத் தரத்தில் அடங்கும். ஆனால் எந்த ஆயிலும் ஓட்டும் பழக்கத்துக்கு ஈடாகாது: ஐந்தாவது கியரில் 1,500 சுற்றில் முழு ஆக்சிலரேட்டர் மிதிக்காதீர்கள், கியரை இறக்குங்கள்.

ஃபில்டரும் ட்ரெய்ன் போல்ட் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். கிராங்க் ஷாஃப்ட் கடைந்து நுரையாக்கினால் அந்த ஆயில் உயவுக்கு உதவாது.

வால்வில் படியும் கரி

பழைய இன்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும். நேரடி இன்ஜெக்ஷனில் அது நேராகச் சிலிண்டருக்குள் போகிறது, வால்வின் முதுகில் ஆயில் ஆவி மட்டும் படிந்து கருகும். குறுகிய ஓட்டத்தில் இது இன்னும் சீக்கிரம். குளிர் ஐடிலில் நடுக்கம், ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (கலவை சரியாக எரியாத கோளாறு) கோடு பி0300, சுற்று ஏறும்போது சோம்பல், இவை அறிகுறிகள். டேங்கில் ஊற்றும் கிளீனர் இன்ஜெக்டருக்கு உதவலாம். வால்வின் முதுகை அது தொடவே தொடாது, அதனால் அதற்காக வாங்க வேண்டாம். போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டுப் பார்த்து, கரி தடித்திருந்தால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத்தூளால் அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி. வால்வுக்கு முன்னால் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்டரும் சேர்த்து வைத்த இன்ஜினில் இந்தத் தொல்லை குறைவு.

நடுக்கத்துக்கு முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக்காகவே இருக்கட்டும், அதுதான் மலிவு. டர்போவில் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். தேய்ந்து 1 மில்லிமீட்டரை நெருங்கினால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது பொறி அணைந்து வண்டி வெட்டும். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள், டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

நெரிசலில் கியர்பாக்ஸ்

இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் உலர்ந்த வகை, ஆயிலில் ஊறிய வகை என்று இரண்டு. உலர்ந்த வகைக்கு அடிக்கு அடி ஊர்வதுதான் எமன். கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிக்கொண்டே சூடேறும். முன்னே ஒரு வண்டி நீளம் இடம் விழும் வரை பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள், பிறகு தெளிவாக நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. ஊறிய வகையில் ஆயிலும் ஃபில்டரும் பெரும்பாலும் 60,000 கிலோமீட்டரில் என்பார்கள். கம்மியாக ஓடும் வண்டியில் நான்கைந்து வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. மேனுவல்காரர்கள் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாமல் இருந்தால் போதும்.

பிரேக்: ஓடாததால் கெடும் பாகம்

பெரிய டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் பெரிய காலிப்பர். நகரத்தில் அதன் பலத்தில் கால்வாசிகூடப் பயன்படாது. விளைவு: துரு. வாரத்தில் ஒரு முறை, பின்னால் யாரும் இல்லாத சாலையில், 60-லிருந்து 20 வரை நான்கைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் டிஸ்க் முகம் சுத்தமாகும்.

வருடம் ஒரு முறை, காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்களைப் பார்க்க வேண்டும். சமதரையில் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரை விடுவித்தால் அதை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். இரண்டு பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உள் பேட் 5 மில்லிமீட்டர், வெளி பேட் 8 என்று இருந்தால் பின் இறுகியிருக்கிறது. நல்ல பின் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும். துடைத்து, பிரேக்குக்கான சிலிகோன் கிரீஸ் மெல்லப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊத வைத்து, பழையபடி இறுக்கிவிடும். பேடின் காதுகள் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேயுங்கள். பின்சக்கரத்தில் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் பிஸ்டனைத் தள்ளவே வேண்டாம். எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்கில் கால் தரை வரை போகும்.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாகக் குறைந்தபட்சம் 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும்.

பேட்டரியும் டயரும்

பூட்டி நிற்கும் வண்டியும் மின்சாரம் குடிக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் பாதியாகும். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுசு, 12.4 என்றால் முக்கால், 12.2-க்குக் கீழே விடக் கூடாது. ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டியில் ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்த வகை) இருந்தால் சார்ஜரிலும் அந்த மோடு வேண்டும். நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள், இல்லையேல் பேட்டரி சென்சார் அந்த சார்ஜைக் கணக்கில் எடுக்காது. சாவியில்லா ஸ்டார்ட் என்றால் சாவியை வண்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சில வண்டிகள் தூங்காமல் விழித்திருக்கும்.

டயர் விஷயத்தில் ஓர் எளிய கணக்கு. 225/40 ஆர்18-ல் பக்கச்சுவர் 90 மில்லிமீட்டர். 225/45 ஆர்17-ல் 101. மொத்த விட்டம் இரண்டிலும் மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபடும், ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும் நிறைந்த சாலைக்கு அந்த 11 மில்லிமீட்டர் ரப்பர் பெரிய காப்பு. தயாரிப்பாளரே 17 அங்குலத்தையும் அனுமதித்து, காலிப்பரும் இடிக்காவிட்டால் இறங்கிவிடுவதே எங்கள் யோசனை. அழகு கொஞ்சம் குறையும், வளைந்த ரிம்மை நிமிர்த்தும் வேலையும் குறையும். பக்கச்சுவரில் கொப்புளம் வந்தால் உள் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டுப்போட முடியாது, மாற்ற வேண்டியதுதான்.

மீதியைச் சுருக்கமாக: கூலன்ட் கையேடு சொல்லும் வகையில் நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை, டைமிங் பெல்ட் இருந்தால் அதற்கு வருடக் கெடுவும் உண்டு, கையேட்டில் பாருங்கள், ஏசியை வாரம் பத்து நிமிடம் ஓட விடுங்கள், கம்ப்ரஸர் சீலுக்கு ஆயில் கிடைக்கும். ரீமேப் (திறனைக் கூட்ட இன்ஜின் கணினியின் புரோகிராமை மாற்றுவது) ஆசை இருந்தால் மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு யோசிக்கலாம். கரி படிந்த வால்வுக்கும் கிழிந்த பூஸ்ட் ஹோஸுக்கும் மேல் மேப் ஏற்றினால் குதிரைத்திறன் வராது, கோளாறுதான் வரும்.

மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்புங்கள், டயரில் 0.5 பார் கூடுதலாக அடியுங்கள், பேட்டரியை மெயின்டெய்னரில் (சார்ஜை நிலையாக வைத்திருக்கும் சார்ஜர்) போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே நிறுத்தினால் பேட் டிஸ்க்கோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். திரும்ப எடுக்கும்போது பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். டயர் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். முதல் சில பிரேக்கில் கரகரவென்று சத்தம் வருவது இயல்பு. பத்துப் பிரேக் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது ஓட்டி நிறுத்திய பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரத்தைக் கழற்றி ஸ்லைடு பின்னைப் பாருங்கள்.