சில் ஆற்றுப் பள்ளத்தாக்கு: ஒரு நாளைக்கு ஒரு கரை என்று சுற்றுவது எப்படி

படகு பதினொன்றரைக்கு. பதினொன்று இருபதுக்கே நாங்கள் சாந்தோ எஸ்தேவோவில் நின்றுகொண்டிருந்தோம். பழைய தேவாலயம் இருந்தது, கீழே ஆறு இருந்தது, மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமும் இருந்தது, படகுத்துறைதான் இல்லை. ஏன் இல்லை என்பதைப் படி 2-ல் சொல்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இடம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியா. சில் என்று ஓர் ஆறு, மிஞோ என்று இன்னோர் ஆறு, இரண்டும் ஓஸ் பெயாரெஸ் என்ற ஊரில் சேர்கின்றன. சேர்வதற்கு முன் மலையை அறுத்துக்கொண்டு வரும் சில் ஆற்றின் பள்ளத்தாக்கு சில இடங்களில் 500 மீட்டர் ஆழம். இந்த வட்டாரத்துக்கு ரிபெய்ரா சாக்ரா என்று பெயர், புனிதக் கரை என்று பொருள் சொல்வார்கள். 1124-ம் ஆண்டு ஆவணத்தில் அந்தப் பெயர் வருகிறது, ஆனால் அங்கே எழுதியிருப்பது கரை இல்லை, ஓக் மரத்தோப்பு என்று வாதாடுபவர்களும் உண்டு. (மிஞோவில் வரும் அந்த ஞ ஸ்பானிஷ்காரர்களின் தனி எழுத்து. ஆங்கிலத்தில் தலைகீழாக நின்றாலும் வராது, நமக்கு ஓர் எழுத்தில் முடிந்துவிட்டது.)

விசா, விமான டிக்கெட், அனைத்துலக ஓட்டுநர் அனுமதி இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தாண்டிப் போகிறேன்.

படி 1: ஓவ்ரென்சேயில் இறங்கி, இருப்பதிலேயே சின்ன காரை எடுங்கள்

மாட்ரிடில் இருந்து ஓவ்ரென்சேக்கு 2021 டிசம்பரில் இருந்து அதிவேக ரயில் ஓடுகிறது, இரண்டேகால் மணி நேரம்தான். அங்கேயே வாடகைக் கார். பெரிய கார் வேண்டவே வேண்டாம். கிராமத்துச் சாலைகளில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும், அந்த ஒருவர் நீங்கள்தான். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் கையில் மாற்றும் கியர் வண்டிதான் கிடைக்கும்.

வரைபடத்துக்கு நான் ஆர்கானிக் மேப்ஸ்தான் சொல்வேன். முழு வட்டாரத்தையும் ஓட்டலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். நடைபாதைகளுக்கு விக்கிலோக். போன் ஸ்டாண்டை மறக்காதீர்கள், நான் மறந்துவிட்டு இரண்டு நாளும் மனைவி கையில் போனைக் கொடுத்து, "லெஃப்டா ரைட்டா" என்று கேட்டுக் கேட்டே பாதிச் சண்டை.

படி 2: பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்

இங்கேதான் நான் விழுந்தேன். இந்த வட்டாரத்தில் இரண்டு சாந்தோ எஸ்தேவோக்கள் இருக்கின்றன. ஒன்று சாந்தோ எஸ்தேவோ தெ ரிபாஸ் தெ சில், இதுதான் புகழ்பெற்ற பெரிய மடாலயம். இன்னொன்று சாந்தோ எஸ்தேவோ தெ ரிபாஸ் தெ மிஞோ, இது வடக்கே மிஞோ ஆற்றின் சரிவில் இருக்கும் தேவாலயம், முகப்பில் பெரிய வட்டச் சாளரம், மிக அழகானது, ஆனால் நமக்குத் தேவையான இடம் அது இல்லை. போனில் "சாந்தோ எஸ்தேவோ தெ ரிபாஸ்" வரை அடித்ததும் கீழே வந்த முதல் பெயரைத் தட்டிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே மலைச்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். படகு போச்சு, டிக்கெட் காசும் போச்சு.

சரி, மறுநாள் மறுபடி டிக்கெட் எடுத்து, இந்த முறை சரியாகச் சில் என்று பார்த்துப் போனோம். அங்கேயும் ஒரு கண்ணி. மடாலயம் மலைமேல், படகுத்துறை கீழே அணைக்குப் பக்கத்தில். பெயர் ஒன்றுதான், ஆனால் நடுவே பல கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. மடாலயத்தில் காரை நிறுத்திவிட்டு "இப்படியே இறங்கிப் போய்விடலாம்" என்று கிளம்பிய ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன். அதனால்:

தேடும்போது முடிவில் சில் இருக்கிறதா, மிஞோ இருக்கிறதா என்று பாருங்கள். பலகைகளில் கலீசிய மொழிப் பெயர் இருக்கும், பழைய வழிகாட்டிகளில் அதே இடம் ஸ்பானிஷில் சான் எஸ்தெபான் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. படகு டிக்கெட்டில் "எம்பர்காதேரோ" அல்லது "எம்பர்கதோய்ரோ" என்ற சொல்லைத் தேடுங்கள், படகுத்துறை என்று பொருள், அந்தச் சொல்லோடு சேர்த்துத்தான் வரைபடத்தில் தேட வேண்டும். எதிர்க்கரையில் தோவாதே என்ற ஊருக்குக் கீழே இன்னொரு படகுத்துறையும் இருக்கிறது, அதற்கான டிக்கெட் வேறு.

படி 3: வெயிலைப் பார்த்துக் கரையைப் பிரியுங்கள்

இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். ஆறு கிழக்கில் இருந்து மேற்கே ஓடுகிறது. வடகரைச் சரிவு தெற்கு பார்த்தது, நாள் முழுக்க வெயில், அதனால் திராட்சை அங்கே. தென்கரை வடக்கு பார்த்தது, நிழல், ஈரம், கஷ்கொட்டை (செஸ்ட்நட்) காடு, தனிமை தேடிப் போன துறவிகளின் மடங்களில் பெயர்பெற்றவை அங்கே. கொஞ்சம் விதிவிலக்கு உண்டு, ஆனால் திட்டம் போட இது போதும். மடாலயம் ஒரு நாள் தென்கரை, திராட்சை ஒரு நாள் வடகரை. வரைபடத்தில் இரண்டு இடங்கள் விரல் அகலத்தில் இருப்பதைப் பார்த்து "இதையும் பார்த்துவிட்டு அதையும் பார்த்துவிடலாம்" என்று நினைத்தீர்களானால் தீர்ந்தது, ஆற்றைக் கடக்க ஐந்நூறு மீட்டர் இறங்கி, பாலம் தேடி, மறுபடி ஐந்நூறு மீட்டர் ஏற வேண்டும். இரண்டு நாளில் ஆற்றை ஒரே ஒரு முறை கடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: முதல் நாள், தென்கரை

ஓவ்ரென்சேயில் இருந்து முதலில் எஸ்கோஸ் பக்கம் சான் பெத்ரோ தெ ரோகாஸ். பாறையைக் குடைந்து செய்த தேவாலயம், குடைவரை என்று நாம் சொல்வது அப்படியே. நிறுவிய ஆண்டு 573 என்று சொல்லும் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்தது, கலீசியாவின் மிகப் பழைய மடாலயங்களில் ஒன்றாகச் சொல்வது அதை வைத்துத்தான். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகச் சில நொடி ஆகும். கூரைப் பாறையில் ஒரு துளை, அதன் வழியாக வெளிச்சம் தூண் மாதிரி இறங்குகிறது. தரையிலும் வெளியிலும் மனித உருவத்துக்கே வெட்டிய கல்லறைக் குழிகள், தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு அகலம், காலுக்குக் குறுகல். முந்தின நாள் மழை ஒரு குழியில் தேங்கியிருந்தது, அதில் ஒரு கஷ்கொட்டை இலை மிதந்துகொண்டிருந்தது. நான் அதிகம் பேசாமல் இருந்தது இந்தப் பயணத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் என்று மனைவி சொல்கிறார்.

அங்கிருந்து சாந்தோ எஸ்தேவோ (சில்!). ஒன்றல்ல, மூன்று உள்முற்றங்கள். 10-ம் 11-ம் நூற்றாண்டுகளில் ஒன்பது ஆயர்கள் பதவியை விட்டுவிட்டு இங்கே வந்து ஒதுங்கினார்கள் என்பது மரபு, மடத்தின் சின்னத்தில் ஒன்பது ஆயர் தொப்பிகள் இருப்பதும் அதனால்தான். 1830-களில் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துகளைப் பறித்தபோது துறவிகள் வெளியேறினார்கள், கட்டடம் இடிந்து கிடந்தது, 2004 முதல் அரசின் பரதோர் ஓட்டல். தங்காவிட்டாலும் முற்றங்களைச் சுற்றிப் பார்க்கலாம், ஒரு காபி குடிக்கலாம். தங்க வேண்டுமா என்றால், காசு இருந்தால் தங்குங்கள், என் வாக்கு அந்தக் காசுக்கு நாலு பாட்டில் ஒயின் வாங்குவதற்கே.

படகு இந்தக் கரையிலேயே முடித்துவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம். அணை கட்டியதால் தண்ணீர் அசையாமல் கிடக்கும், பாறையின் நிழல் அப்படியே தெரியும். வெயில் நாளில் மேல்தளம் அழகு, தொப்பி இல்லையென்றால் தலைவலி.

அப்புறம் பராதா தெ சில் நோக்கிக் கிழக்கே. இதில் ஒரு சின்ன சூட்சுமம்: ஸ்பெயினில் வண்டி வலப்பக்கம் ஓடும். தென்கரையில் கிழக்கே போனால் ஆறு உங்களுக்கு இடப்பக்கம், நீங்கள் மலையை ஒட்டிய தடத்தில் இருப்பீர்கள். மேற்கே போனால் பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டிய தடம். பயப்படுகிறவர்கள் கிழக்கே போகும்படி திட்டம் போடுங்கள், அவ்வளவுதான்.

வழியில் காட்சி மேடைகள் நிறைய. எல்லாவற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. ஒன்று போதும் என்றால் பராதா பக்கம் இருக்கும் "மாட்ரிட் பால்கனிகள்". மாட்ரிடுக்குப் பிழைக்கப் போன ஆண்களை, எதிர்மலையில் கண்ணுக்கு மறையும்வரை பெண்கள் இங்கே நின்று பார்த்தார்களாம், பெயர் அப்படி வந்தது. இலையுதிர் காலத்தில் காலை ஒன்பது மணிக்கு இங்கே வந்தால் பள்ளம் முழுக்க மூடுபனிதான் தெரியும், பதினொன்றுக்கு மேல் வாருங்கள். கடைசியாக, கஷ்கொட்டைக் காட்டுக்குள் சாந்தா கிறிஸ்தினா. சிறியது, 12-ம் நூற்றாண்டுத் தேவாலயம், உள்முற்றத்தில் ஒரு மூலை மட்டும் மிச்சம். பெரிய மடத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது. இரவு பராதாவிலோ காஸ்த்ரோ கால்தேலாஸிலோ தங்கல். காஸ்த்ரோவில் ஒரு கோட்டையும், பீகா என்ற கேக்கும் உண்டு.

படி 5: இரண்டாம் நாள், பாலத்தைக் கடந்து திராட்சைக்கு

காஸ்த்ரோவில் இருந்து இறங்கி, பாலம் தாண்டி, தோவாதேக்கு ஏறும் சரிவுதான் அமாந்தி. ரிபெய்ரா சாக்ரா ஒயினுக்கு 1996-ல் பிறப்பிடச் சான்று கிடைத்தது, அதன் ஐந்து உட்பிரிவுகளில் அமாந்தி ஒன்று. சிவப்புக்கு மென்சியா, வெள்ளைக்கு கோதேயோ, இந்த இரண்டு பெயர் தெரிந்தால் போதும்.

படிப்படியாகக் கல்லடுக்கிக் கட்டிய தளங்களுக்கு உள்ளூரில் சொகால்கோ என்று பெயர். சாந்து இல்லை, வெறும் கல்மேல் கல். டிராக்டர் நுழைய வழியே இல்லை. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி, அறுவடை நேரம். ஒருவர் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரப்பு அகலத்தில் நடந்து போகிறார், ஒரு கால் தளத்தில், ஒரு கால் கல்விளிம்பில். சில சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மோட்டார் வைத்த சின்ன வண்டியில் பழப்பெட்டிகளை இழுக்கிறார்கள், அது ஏறும்போது மொபெட் முக்குகிற மாதிரி ஒரு சத்தம் பள்ளம் முழுக்க எதிரொலிக்கும். இருட்டும் நேரத்தில் ஒரு சுவரில் கை வைத்தேன், வெயில் போன பிறகும் அடுப்பணைத்த தோசைக்கல் மாதிரி சூடு. அந்தச் சூட்டில்தான் இந்த மழைநாட்டில் பழம் பழுக்கிறது.

ஒயின் தயாரிக்கும் இடங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள், அறுவடை வாரத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஓட்டுபவர் ருசி பார்க்கக் கூடாது, அந்த வளைவுகளைப் பார்த்தபின் உங்களுக்கே தோன்றாது. பாட்டில் வாங்கி அறைக்குக் கொண்டுபோய்த் திறங்கள்.

பிறகு மோன்ஃபோர்த்தே. ரயில் சந்திப்பு ஊர், மேலே கோபுரம், கீழே கர்தினால் ரொத்ரிகோ தெ காஸ்த்ரோ கட்டிய பெரிய கல்லூரிக் கட்டடம், அதில் எல் கிரெகோ ஓவியங்கள் உண்டு. அங்கிருந்து ஓவ்ரென்சேக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்குள்.

படி 6: வயிறு

சமையலறை மூன்றரைக்கு மூடினால் மூடியதுதான், அடுத்து எட்டரை ஒன்பதுக்குத்தான் திறக்கும். நாலு மணிக்குப் போய்ப் பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டால் சிப்ஸ் பாக்கெட் கிடைக்கும். சைவர்கள் கவனம்: கால்தோ என்ற கீரை, உருளைக்கிழங்கு சூப் பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும், பன்றிக் கொழுப்புப் போட்டுத்தான் கொதிக்க வைக்கிறார்கள். பத்ரோன் மிளகாய் வறுவல் நம்பிச் சாப்பிடலாம், பத்தில் ஒன்று காரமாக இருக்கலாம், நமக்கு அது காரமே இல்லை. முட்டை சாப்பிடுபவர்களுக்குத் தோர்த்தியா (உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட்) எங்கும் கிடைக்கும்.

பிற்சேர்க்கை: கார் இல்லாமல் முடியுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கோடையில் ஓவ்ரென்சேயில் இருந்து பேருந்தும் படகும் சேர்ந்த ஒருநாள் சுற்றுலா போடுகிறார்கள், அது சரி. மற்றபடி ஊர்ப் பேருந்தை நம்பி மடாலயம் மடாலயமாகப் போவது நடக்காத காரியம்.

இன்னொரு பிற்சேர்க்கை: பிப்ரவரியில் போய்ப் படகே இல்லை என்று ஒருவர் திட்டியிருக்கிறார். நியாயம்தான், குளிர்காலத்தில் படகு மிகக் குறைவு என்று நான் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் போனால் பராதாவுக்குக் கிழக்கே மாவோ என்ற சிற்றாற்றின் மேல் போட்டிருக்கும் மரப்பாலப் பாதையில் நடங்கள், கீழே பழைய நீர்மின் நிலையம், இப்போது தங்கும் விடுதி. பலகை ஈரமாக இருந்தால் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.